சதுரங்கப் பலகையில் நடுவுநிலைமை: கணினிக்கும் மனிதர்க்கும் பொதுவான விதி எது?



2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் நிகழ்ந்த ஒரு காட்சியோடு இவ்வுரையைத் தொடங்குவோம். உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னே இருவர் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒருவர் சீனாவின் டிங் லிரென். மற்றவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் குகேஷ். சமநிலையில் முடியும் என்று பலரும் எண்ணியிருந்த அந்த ஆட்டத்தில், 55-ஆம் நகர்வில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கணினியின் கணிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அனைவருக்கும் அப்பிழை உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே இருந்த இருவருக்கோ அதைச் சொல்வார் எவருமில்லை. அவர்களே கண்டறிய வேண்டியிருந்தது. குகேஷ் கண்டறிந்தார், உலக வெற்றியாளர் ஆனார்.

கைப்பேசி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவர் அறிந்த உண்மையை, உலகின் தலைசிறந்த இரு ஆட்டக்காரர்கள் பிறர் வழியாக அறியக் கூடாது என்பதே அன்றைய விதி. இயந்திரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதே நேர்மை என்று நாம் அனைவரும் ஒப்புக்கொண்டோம். ஆயினும், அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னர், நியூயார்க் நகரில் இயந்திரம் பலகைக்கு எதிரே ஆட்டக்காரராகவே வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. அவ்விதிகள் நேர்மையானவையா என்ற வழக்கு இருபது ஆண்டுகள் ஓயவில்லை.

கணினி நிரலும் கிராண்ட்மாஸ்டரும் ஆடும் போட்டிக்கு நேர்மையான விதி எது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள். இது சதுரங்க ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. இயந்திரம் மனிதரை விஞ்சிவிட்டது என்ற செய்தியை நாள்தோறும் கேட்கும் ஆசிரியர்களும் மாணவர்களும், அச்செய்தியை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதை இந்த விளையாட்டின் வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ள முடியும்.

ஒரே விதி, வேறு வேறு ஆட்டக்காரர்

இரு மனிதர் ஆடும்போது நேர்மை எளிதில் புலப்படுகிறது. இருவருக்கும் பதினாறு காய்கள்; இருவருக்கும் ஒரே அளவு நேரம். குறிப்பேட்டைப் பார்க்கக் கூடாது. பிறரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது. வெள்ளைக் காய்களை உடையவருக்கு முதலில் நகர்த்தும் உரிமை இருப்பதால் சிறு சாதகம் உண்டு. அதையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் கொடுத்துச் சரிசெய்துவிடுகிறோம்.

இதே விதிகளை ஒரு சொல்லும் மாற்றாமல் இயந்திரத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். குறிப்பேட்டைப் பார்க்கக் கூடாது என்கிறோம். ஆனால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைப் பற்றிய பெரிய தொகுப்பு ஒன்று நிரலுக்குள்ளேயே இருக்கிறது. அது நிரலின் நினைவாற்றலா, அல்லது கையில் வைத்திருக்கும் ஏடா? நினைவு என்றால் தடுக்க முடியாது. ஏடு என்றால் அனுமதிக்க முடியாது. இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அத்தொகுப்பை அமைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களே, அவர்களுள்ளும் கிராண்ட்மாஸ்டர்களே.

பிறரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது என்கிறோம். ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் அதை இயக்குபவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். திரையில் தோன்றும் நகர்வைப் பலகையில் நிகழ்த்துபவர் அவர். சமநிலைக்கு உடன்படுவதா, தோல்வியை ஒப்புக்கொள்வதா என்பதைப் பல போட்டிகளில் இயந்திரத்தின் குழுவினரே முடிவு செய்தனர். அப்படியானால் ஆடுவது யார்?

இருவருக்கும் ஒரே அளவு நேரம் என்கிறோம். ஐந்தாம் மணி நேரத்தில் மனிதர் களைத்துப் போகிறார். முந்தைய நாள் தோல்வி அவர் மனத்தை அரிக்கிறது. இயந்திரத்துக்குக் களைப்பும் இல்லை, கவலையும் இல்லை. ஒரே கடிகாரம் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

சாதகங்கள் அனைத்தும் ஒரு பக்கத்திலேயே குவிந்துள்ளன என்றும் சொல்லிவிட முடியாது. போட்டிக்கு முன்பே நிரலின் படி ஒன்றைப் பெற்ற மனிதர், வீட்டில் அதனோடு நூறு முறை ஆடிப் பார்த்து, அது தடுமாறும் இடத்தைக் கண்டு, அதே வழியில் அதை இழுத்துச் செல்லலாம். எந்த மனித எதிரியும் தம் மனத்தின் நகலை நம் வீட்டில் விட்டுச் செல்வதில்லையே.

இவ்விடத்தில் சிலர் ஒரு மறுப்பை முன்வைப்பர். ஓட்டக்காரரையும் மோட்டார் வண்டியையும் ஓடவிட்டு விதியைப் பற்றிப் பேசுவது வீண் வேலை அல்லவா என்பர். வண்டி வேகமாக ஓடுமா என்பது எவருக்கும் ஐயமில்லாத செய்தி. ஆகவே அங்கே போட்டி தேவையில்லை. சதுரங்கத்தில் நிலைமை அதுவன்று. சிந்தனையின் அடையாளமென்று மனிதர் நெடுங்காலம் போற்றிய ஒரு திறனை இயந்திரம் பெற முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியே அப்போட்டிகள் நடத்தப்பட்டன. விடை தேடி நடத்தும் போட்டியில், விதி தவறினால் விடையும் தவறும்.

துலாக்கோல் சொல்லும் செய்தி

நேர்மையைப் பற்றிச் சிந்திக்கத் தமிழர்க்குத் துணையாக ஒரு பழைய கருவி இருக்கிறது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்று தனி அதிகாரம் வகுத்து, அதில் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். அக்கோலைச் சற்று உற்று நோக்குவோம்.

துலாக்கோலின் இரு தட்டுகளிலும் நாம் ஒரே பொருளை வைப்பதில்லை. ஒரு தட்டில் அரிசி; மறு தட்டில் எடைக்கல். இரண்டும் வேறு வேறு இயல்புடையவை. ஆயினும் அந்த அளவையை நாம் நம்புகிறோம். கோலின் நடுப்புள்ளி இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கிறது. எடைக்கல் முன்னரே சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கிறது. நிறுக்கும்போது வாங்குபவரும் விற்பவரும் முள்ளைப் பார்க்க முடிகிறது. இவையே அந்த நம்பிக்கைக்குக் காரணம். தட்டுகள் ஒத்திருப்பதால் மட்டும் நேர்மை வந்துவிடாது. கல்லின் எடை மறைக்கப்பட்டிருந்தால், தட்டுகள் எவ்வளவு ஒத்திருந்தும் பயனில்லை.

மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான போட்டியையும் இக்கோலால் அளக்கலாம். இரு பக்கத்தையும் ஒன்றாக்குவது இயலாது. இயலக்கூடியவை மூன்று: எதிரே இருப்பது எது என்பதை இருவரும் முன்னரே அறிந்திருத்தல், ஆட்டத்தின் நடுவே எவர் எதைச் செய்யலாம் என்பது எழுதப்பட்டிருத்தல், முடிந்தபின் பதிவுகள் திறந்திருத்தல். இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

பந்தயத்திலிருந்து பெரும்போட்டிக்கு

1968-இல் ஸ்காட்லாந்தின் சதுரங்க வீரர் டேவிட் லெவி, பத்தாண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தம்மை ஒரு தொடரில் வெல்லாது என்று கணினி அறிஞர்களோடு பந்தயம் கட்டினார். 1978-இல் டொரோண்டோவில் செஸ் 4.7 என்ற நிரலை அவர் 3½–1½ என்ற கணக்கில் வென்றார். காய்கள் நெருங்கி அடைபட்ட நிலைகளில் இயந்திரத்துக்குத் தொலைநோக்கு இல்லை என்பதை அறிந்து, அவசரப்படாமல் அது தானே தவறும்வரை காத்திருப்பது அவரது உத்தி. எதிரியை அறிந்திருந்தார், ஆகவே வென்றார். அறிதலின் மதிப்பை அந்தத் தொடரே காட்டிவிட்டது.

1996 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில், உலக வெற்றியாளர் காரி காஸ்பரோவ், ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியோடு ஆறு ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். நீண்ட நேர ஆட்டத்தில் பதவியிலிருக்கும் உலக வெற்றியாளர் ஒருவர் கணினியிடம் தோற்றது அதுவே முதல் முறை. ஆயினும் அவர் தொடரை 4–2 என்று வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் மீண்டும் ஆறு ஆட்டங்கள். இம்முறை டீப் புளூ 3½–2½ என்று வென்றது. விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அப்போது அதற்கு இருந்தது.

நியூயார்க், 1997

அந்தத் தொடரின் விதிகளை நம் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, எதிரியை அறிதல். காஸ்பரோவ் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அச்சில் இருந்தன. டீப் புளூ குழுவினர் அவற்றைக் கற்றனர். ஜோயல் பெஞ்சமின் உள்ளிட்ட கிராண்ட்மாஸ்டர்கள் அதன் தொடக்க நகர்வுகளைச் செம்மைப்படுத்த உதவினர். மறுபுறம், புதுப்பிக்கப்பட்ட அந்த இயந்திரம் பயிற்சியில் ஆடிய ஆட்டங்களைக் காஸ்பரோவ் கேட்டார். அவை அவருக்குத் தரப்படவில்லை. முகம் அறியாத ஒருவரோடு அவர் ஆட வேண்டியிருந்தது.

இரண்டாவது, நடுவே செய்யும் மாற்றம். இரு ஆட்டங்களுக்கு இடையில் நிரலைத் திருத்த விதி இடமளித்தது. முதல் ஆட்டத்தைக் காஸ்பரோவ் வென்றார். அதில் டீப் புளூவின் 44-ஆம் நகர்வு நிரலில் இருந்த ஒரு பிழையால் விளைந்தது என்று பின்னாளில் அக்குழுவினரே கூறினர். அப்பிழை உடனே திருத்தப்பட்டது. இதை அநீதி என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. காஸ்பரோவுக்கும் உதவியாளர்கள் இருந்தனர். அவர்களும் இரவில் அமர்ந்து அடுத்த ஆட்டத்துக்கு வழி வகுத்தனர். மனிதர் கற்றுக்கொள்ளலாம் என்றால், இயந்திரத்தைத் திருத்துவோரும் கற்றுக்கொள்ளலாம். குறை வேறிடத்தில் இருந்தது. நேற்று எதிரே இருந்த இயந்திரம்தான் இன்றும் எதிரே இருக்கிறதா என்பதை அறிய மனிதருக்கு வழி இல்லை.

மூன்றாவது, பதிவுகள். இரண்டாம் ஆட்டமே எல்லாச் சர்ச்சைக்கும் வித்தாயிற்று. அதில் டீப் புளூ, எளிதில் கிடைக்கக்கூடிய சிப்பாய்களைப் பிடிக்க விரையாமல், எதிரியின் வழிகளை அடைக்கும் அமைதியான நகர்வுகளைத் தேர்ந்தது. இயந்திரம் இவ்வாறு ஆடாதே, மனிதர் எவரேனும் தலையிட்டனரா என்று காஸ்பரோவ் ஐயுற்றார். அந்த ஆட்டத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்த இறுதி நிலையில் தொடர்ந்து செக் கொடுத்துச் சமநிலை பெற வழி இருந்தது என்பதை மறுநாள் அவர் அறிந்தபோது, அவரது மன உறுதி மேலும் குலைந்தது. இயந்திரம் எவ்வாறு சிந்தித்தது என்பதைக் காட்டும் பதிவுகளை அவர் கேட்டார். போட்டி நடந்துகொண்டிருந்தபோது அவை அவர் கைக்கு வரவில்லை. பின்னர் அந்நிறுவனம் அவற்றை இணையத்தில் வெளியிட்டது. அதற்குள் ஆறாம் ஆட்டம் 19 நகர்வுகளிலேயே முடிந்து, தொடரும் கைவிட்டுப் போயிருந்தது. மறுபோட்டிக்குக் காஸ்பரோவ் அழைத்தார், நிறுவனம் உடன்படவில்லை, டீப் புளூ மீண்டும் ஆடவே இல்லை.

மோசடி நடந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 2017-இல் வெளியிட்ட தம் நூலில் காஸ்பரோவே தம் பழைய குற்றச்சாட்டைப் பெரிதும் தளர்த்திக்கொண்டார். இயந்திரம் நேர்மையாகவே வென்றிருக்க வேண்டும் என்று இன்று நாம் நம்பலாம். ஆனால் நேர்மையாக வென்ற ஒரு வெற்றி ஏன் இருபது ஆண்டுகள் ஐயத்தில் கிடந்தது? அந்த அறிவியலாளர்களின் நெடிய உழைப்பு ஏன் உரிய மதிப்பைப் பெறாமல் நின்றது? விதி போதாமல் இருந்ததே காரணம். ஆகவே விதியின் குறையால் இழப்புற்றவர் காஸ்பரோவ் மட்டுமல்லர், வென்றவர்களுந்தாம். முத்திரையில்லாத எடைக்கல்லைக் கொண்டு சரியாக நிறுத்தாலும், வாங்கியவர் ஐயத்தோடுதான் வீடு திரும்புவார்.

பஹ்ரைனும் பான் நகரமும்

அடுத்து வந்தவர்கள் இதிலிருந்து பாடம் கற்றனர். 2002 அக்டோபரில் பஹ்ரைனில் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்பே நிரலின் படி அவருக்குத் தரப்பட்டது. அதனோடு ஆடிப் பழகிய அவர், அரசிகள் விரைவில் வெட்டுண்டு போகும் அமைதியான நிலைகளில் அது தடுமாறுவதைக் கண்டு, அத்தகைய நிலைகளையே தேடிச் சென்றார். இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களை வென்றார். பின்னர் ஐந்தாம் ஆட்டத்தில் பெரும்பிழை ஒன்று செய்து தோற்றார், ஆறாவதிலும் தோற்றார். தொடர் 4–4 என்று சமநிலையில் முடிந்தது. எதிரியை அறிந்தால் மனிதர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதையும், அறிந்தபின்னும் மனிதரிடம் எஞ்சும் பலவீனம் எது என்பதையும் ஒரே தொடர் காட்டியது.

2003-இன் தொடக்கத்தில் நியூயார்க்கில் காஸ்பரோவும் டீப் ஜூனியரும் ஆடிய ஆறு ஆட்டங்கள் 3–3 என்று முடிந்தன. இறுதி ஆட்டம் இரு தரப்பும் உடன்பட்ட சமநிலை. அந்த உடன்பாட்டைச் செய்தது இயந்திரமன்று. அதன் பின்னே இருந்த குழுவினர். இயக்குபவரின் உரிமை எதுவரை என்பதை விதி தெளிவாக எழுத வேண்டிய தேவையை இது நினைவூட்டுகிறது.

2006 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் மீண்டும் டீப் ஃபிரிட்ஸோடு மோதினார். அப்போது அவர் உலக வெற்றியாளர். இம்முறை விதி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. நிரலின் படி முன்னரே தரப்பட்டதோடு, ஆட்டத்தின்போது நிரல் தன் தொடக்கத் தொகுப்பிலிருந்து நகர்வுகளை எடுக்கும்வரை, அத்தொகுப்பைத் திரையில் கிராம்னிக்கும் பார்க்கலாம் என்று விதிக்கப்பட்டது. நினைவா, ஏடா என்று முன்னே எழுப்பிய கேள்விக்கு இது அழகான விடை. ஏடு என்றால் அதை இருவரும் பார்க்கட்டும். ஏடு முடிந்தபின் இருவரும் தாமே சிந்திக்கட்டும்.

மனிதருக்கு இவ்வளவு இடமளித்த விதியின் கீழ் நிகழ்ந்தது என்ன? இரண்டாம் ஆட்டத்தில், அடுத்த நகர்விலேயே தம் அரசன் வீழ்வதைக் காணாமல், கிராம்னிக் தம் அரசியை வேறு கட்டத்துக்கு நகர்த்தினார். டீப் ஃபிரிட்ஸ் ஒரே நகர்வில் செக்மேட் செய்தது. ஆட்டத்தைப் புதிதாகக் கற்ற சிறுவரும் காணக்கூடிய ஒன்றை உலக வெற்றியாளர் காணவில்லை. தொடர் 4–2 என்று இயந்திரத்துக்குப் போயிற்று. அந்த நிரல் விநாடிக்கு ஏறத்தாழ 80 இலட்சம் நிலைகளையே ஆராய்ந்தது. டீப் புளூவின் வேகத்தில் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவே.

இங்கேதான் இவ்வுரையின் மையக் கருத்து இருக்கிறது. 1997-இன் விதிகளைவிட 2006-இன் விதிகள் மனிதருக்கு மிகவும் சாதகமானவை. ஆயினும் மனிதர் முன்னைவிடத் தெளிவாகத் தோற்றார். அப்படியானால் நேர்மையான விதியால் என்ன பயன் என்று ஒரு மாணவர் கேட்கலாம். பயன் இதுதான்: 2006-இன் முடிவைப் பற்றி 1997-ஐப் போன்ற சர்ச்சை எழவில்லை. தோற்றவர் பதிவுகளைக் கேட்டுப் போராட வேண்டியிருக்கவில்லை. வென்றவர் தம்மைக் காத்துப் பேச வேண்டியிருக்கவில்லை. நேர்மையான விதி வலியவரை வீழ்த்தித் தருவதில்லை. எளியவரைத் தூக்கி நிறுத்துவதுமில்லை. முடிவு எதுவாயினும் அதை இரு பக்கமும் ஏற்கும்படி செய்கிறது. அதுவே அதன் பணி.

விட்டுக்கொடுத்தலும் கூடி ஆடுதலும்

அதன்பின் போட்டிகளின் நோக்கமே மாறியது. யார் வலியவர் என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டதால், சமமான ஆட்டம் கிடைப்பதற்காக இயந்திரத்தின் பக்கத்தில் காய்களைக் குறைத்து ஆடும் முறை வந்தது. 2016 சனவரியில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிக்காரு நக்கமுராவும் கொமோடோ நிரலும் நான்கு ஆட்டங்கள் ஆடினர். ஒவ்வொன்றிலும் மனிதருக்கு வெவ்வேறு வகையான தொடக்கச் சலுகை தரப்பட்டது. மூன்று ஆட்டங்கள் சமநிலை. நான்காவதில் நிரல் வென்றது. இத்தகைய ஆட்டத்தில் சலுகை கொடுப்பது அநீதியன்று. அளப்பதற்காக அன்றி ஆடுவதற்காக நடத்தும் போட்டி அது. சலுகை எவ்வளவு என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளது.

இதற்கு முன்பே வேறொரு வழியும் தோன்றியிருந்தது. 1998-இல் ஸ்பெயினின் லியோன் நகரில் காஸ்பரோவும் வெசலின் தொப்பலோவும் ஆளுக்கொரு கணினியைத் துணையாக வைத்துக்கொண்டு ஆடினர், முடிவு 3–3. சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் அடுத்த ஆண்டு அதே நகரில், அதே முறையில் அனத்தோலி கார்ப்போவை வென்றார். இங்கே கணினியைப் பயன்படுத்துவது குற்றமன்று, அதுவே விதி. செந்தோசாவில் விலக்கப்பட்ட ஒன்று லியோனில் வரவேற்கப்பட்டது. இரண்டும் நேர்மையே. எந்த நோக்கத்துக்காக ஆடுகிறோம் என்பதை இரு இடங்களிலும் முன்னரே சொல்லிவிட்டனர்.

விதி பற்றிய கேள்வி இயந்திரங்களுக்கு இடையிலும் ஓயவில்லை. 2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்ற வலிமைமிக்க நிரலோடு 100 ஆட்டங்கள் ஆடி, 28-ஐ வென்று, ஒன்றையும் தோற்கவில்லை என்ற செய்தி வந்தது. ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற கட்டுப்பாடும் ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட நினைவக அளவும் அதற்குப் பாதகமானவை என்று பலர் குறைகூறினர். மறு ஆண்டு, வழக்கமான போட்டிகளைப் போல நீண்ட நேரம் தந்து, 1,000 ஆட்டங்கள் நடத்திய முடிவு சயன்ஸ் இதழில் வெளியாயிற்று. ஆல்ஃபாஸீரோ 155-ஐ வென்றது, 6-இல் தோற்றது, ஏனையவை சமநிலை. முடிவின் திசை மாறவில்லை. ஆனால் குறைகூறியோர்க்கு விடை கிடைத்தது, நம்பிக்கை வளர்ந்தது. நியூயார்க்கில் நிகழாத மறுபோட்டி இங்கே நிகழ்ந்தது.

வகுப்பறைக்கு வரும் கேள்விகள்

ஆசிரியப் பெருமக்களே, இன்று சதுரங்கத்துக்கு வெளியேயும் இதே போட்டி நடைபெறுகிறது. ஒரு நிரல் மருத்துவத் தேர்வில் தேறியது, சட்டத் தேர்வில் மனிதரை விஞ்சியது, மொழிபெயர்ப்பில் வல்லுநரை வென்றது என்ற செய்திகளை மாணவர் நம்மிடம் கொண்டுவருகின்றனர். அவற்றை அப்படியே நம்பவும் வேண்டா. கேட்டவுடன் தள்ளவும் வேண்டா. பலகையிலிருந்து கற்ற ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லுவோம்.

போட்டியை நடத்தியவர் யார்? செலவை ஏற்றவரே போட்டியாளராகவும் இருந்தாரா? வினாக்களையோ அவற்றுக்கு நெருங்கியவற்றையோ இயந்திரம் முன்பே கண்டிருந்ததா? அதாவது, அது சிந்தித்ததா, ஏட்டைப் புரட்டியதா? நடுவே எவரேனும் நிரலைத் திருத்தினரா, அல்லது பல விடைகளுள் நல்லதை மனிதர் தேர்ந்து கொடுத்தனரா? அதன் விடைகள் முழுமையாக வெளியிடப்பட்டுள்ளனவா? வேறொருவர் அதே சோதனையை மீண்டும் நடத்திப் பார்க்க இடமுண்டா? இவ்வைந்துக்கும் தெளிவான விடை இருந்தால், முடிவு நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும் ஏற்போம். விடை இல்லையென்றால், முத்திரையைக் காட்டுங்கள் என்று கேட்போம்.

இனி நம் வகுப்பறை விதிகளையும் இக்கோலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாணவர் கட்டுரை எழுதக் கணினி நிரலின் உதவியைப் பெறலாமா? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது என்பதைச் சதுரங்கம் காட்டுகிறது. மாணவரின் சொந்தத் திறனை அளக்கிறோம் என்றால், அது செந்தோசாவின் கண்ணாடி அறை; அங்கே இயந்திரத்துக்கு இடமில்லை. கருவியைக் கையாளும் திறனை வளர்க்கிறோம் என்றால், அது லியோன் நகரம். அங்கே இருவருக்கும் ஒரே வகைக் கருவி வேண்டும். தடுமாறும் மாணவருக்கு ஊக்கமூட்டுகிறோம் என்றால், அது சலுகை ஆட்டம். அங்கே சலுகையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். இவற்றுள் எதை ஆடுகிறோம் என்பதை, காய்களை நகர்த்தத் தொடங்குமுன் சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை. ஆட்டம் முடிந்தபின் விதி சொல்லும் ஆசிரியர், பதிவுகளைத் தர மறுக்கும் போட்டியாளரைப் போன்றவர். அவர் சரியாகவே மதிப்பிட்டிருக்கலாம். ஆனால் மாணவர் ஐயத்தோடுதான் வீடு திரும்புவார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். பான் நகரில் ஒரே நகர்வில் வீழ்ந்த கிராம்னிக், மறுமுறை பலகைக்கு வந்து எஞ்சிய ஆட்டங்களையும் ஆடி முடித்தார். அவற்றுள் மூன்றில் அந்த இயந்திரத்தோடு சமநிலையும் பெற்றார். இயந்திரம் நம்மைவிட வலியது என்பதால் சதுரங்கம் அழியவில்லை. செந்தோசாவில் ஒரு பிழைக்காகவும், அதைக் கண்டுகொண்ட ஓர் இளைஞரின் கண்களுக்காகவும் உலகமே காத்திருந்தது. விடை தெரிந்த இயந்திரங்கள் வெளியே எத்தனையோ இருந்தன. ஆயினும் அவ்விடையைத் தாமே தேடிக் கண்ட மனிதருக்கே நாம் மாலை சூட்டினோம். தாமே கண்டார் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிந்தமைக்கு அந்தக் கண்ணாடிச் சுவரும், அதற்குப் பின்னிருந்த விதியுமே காரணம்.

துலாக்கோல் எந்தத் தட்டுக்கும் உறவன்று. நம் விதிகளும் அவ்வாறே அமையட்டும்.